சொல்லுகிறவர்களும் கேட்கிற நாமும்

ஒரு மனிதர் தம்மைப் பற்றிய ஓர் உண்மையை நாலு பேர் அறியச் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டுவிட்ட நமக்கு என்ன கடமை? சொன்னவர் செய்தது சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்லக் கடைக்குக் கடை ஆள் இருக்கிறார்கள். கேட்டவர்களுடைய கடமையைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் காணோம். அதை இந்த இதழில் சிறிது ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். விஷயம் கூச்சத்துக்குரியது என்பதை அறிவோம். நம் வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் படிக்கும் ஏடு இது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் இந்த விஷயம் நம் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்து வெகு நாளாகிவிட்டது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் ஜார்ஜ் டவுனில் நடந்த கலை விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மலேசியர் பலரை நாட்டின் தேசியக் கொடியோடு நிறுத்தி, மூர்யமீன் முகம்மது என்ற கலைஞர் எடுத்த படங்கள் அவை. அவற்றில் இருவருடைய படங்கள் மட்டும் இடையில் அகற்றப்பட்டன. ஒருவர் பாங் கீ தேக். ஆண்களிடத்தில் நாட்டமுள்ள ஆண் தாம் என்பதை ஒளிக்காமல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவர். 2008-இல் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த விழாவை 2011-இல் போலீசார் தடை செய்துவிட்டார்கள். மற்றவர் நிஷா ஆயுப் என்ற திருநங்கை. துணிவுள்ள பெண்மணிகளுக்கென்று அமெரிக்க அரசாங்கம் வழங்கும் சர்வதேச விருதை 2016-இல் பெற்றவர். சமய விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் முஜாஹித் யூசுப் ராவா கேட்டுக்கொண்டதன்பேரில் இவ்விரு படங்களும் எடுக்கப்பட்டன. இத்தகைய நடத்தையைப் பரப்புவதும் விளம்பரப்படுத்துவதும் அரசாங்கத்தின் கொள்கைக்கு ஒத்ததன்று என்பது அவர் கூறிய காரணம். அன்றைய பிரதமரின் மகள் மரீனா மகாதீர், தம்முடைய படத்தையும் கூடவே எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

படங்களில் ஆபாசம் இருந்ததென்று எவரும் குறை சொல்லவில்லை. படத்தில் நின்றவர்கள் இன்னார் என்பதே காரணம். அப்போதும் அதற்குப் பின்பும் நம் கடைத்தெருவில், சூலியா தெருவிலிருந்து பினாங்கு வீதி வரை, பல வாய்களில் கேட்ட ஒரு பேச்சு உண்டு. "எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டுமே! யார் வேண்டாம் என்றார்கள்? அதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்?" இந்தப் பேச்சைத்தான் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் கொடியவர்களல்லர். தாம் தாராள மனத்தோடு பேசுவதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள்.

சொன்னதனால் என்ன நடக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே வேறு இரண்டு உதாரணங்கள். 2010 டிசம்பரில் அஸ்வான் இஸ்மாயில் என்ற மலாய் எழுத்தாளர், தாம் இத்தகையவர் என்றும், ஆயினும் நலமாகவே வாழ்வதாகவும் மலாய் மொழியில் பேசிய சிறிய காணொளி ஒன்று வெளிவந்தது. உடனே கொலை மிரட்டல்கள் கிளம்பின. அமைச்சர் மட்டத்திலிருந்தும் கண்டனம் வந்தது. 2018 ஜூலையில் நியூமான் அஃபிஃபி என்ற இளைஞர், இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சர் சையது சாதிக்கிடம் பத்திரிகை அதிகாரியாக இருந்தார். இத்தகையோரின் உரிமைகளுக்காக அவர் பாடுபட்டவர் என்று கூக்குரல் எழவே, வேலையை விட்டு விலகிக்கொண்டார். ஆகஸ்டில் படங்கள் இறங்கியதற்கு ஒரு மாதம் முந்தி நடந்தது இது. இவர்களில் எவரும் எந்தச் செயலிலும் பிடிபட்டவர்களல்லர். வாய் திறந்ததுதான் விவகாரம்.

நாட்டுச் சட்டம்கூடச் செயலைத்தான் தண்டிக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வரிசையில் இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. இது ஷரீஅத்திலிருந்து எடுத்த சட்டம் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அதன் பூர்வீகம் கல்கத்தா! 1860-இல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கென்று இயற்றிய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து, 1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். நம் முப்பாட்டன்மார் வந்த அதே கடல் வழியே அதுவும் வந்து இறங்கிற்று. புறப்பட்ட இடமாகிய இந்தியாவில், வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்வது குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்துவிட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றமும் தன் சட்டத்தில் 1938-இல் சேர்ந்த 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கிவிட்டது. இங்கே இருக்கிறது. இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் வழக்கன்று.

அதுபோலவே, செயலைப் பற்றி மார்க்க அறிஞர்கள் விதித்திருப்பதை மாற்றி எழுதவும் நாம் பேனா எடுக்கவில்லை. அது தகாதது என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒருமித்தவர்கள். தண்டனையில் மட்டும் அவர்களுக்குள் வேற்றுமை உண்டு. விபசாரத்துக்குரிய 'ஹத்து' தண்டனைக்குள் இது வராது என்றார் இமாம் அபூஹனீஃபா. வரும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. நம் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறோமாதலால் இதைக் குறிப்பிட்டோம். ஆனால் உள்ளத்தில் தோன்றும் நாட்டத்துக்கென்று எந்த இமாமும் தண்டனை எழுதிவைக்கவில்லை. ஒருவர் தம் நாட்டத்தைச் சொல்லும்போது, கேட்கிற நாம் அந்த இடத்தில் ஒரு செயலை வைத்துக்கொள்கிறோம். 'நான் இத்தகையவன்' என்றவனை 'இன்னதைச் செய்தவன்' என்று எழுதிக்கொள்கிறோம். கணக்கில் இப்படி ஒரு தொகையை ஒரு பற்றிலிருந்து இன்னொரு பற்றுக்கு மாற்றிவிட்டால் நம் கணக்கப்பிள்ளையை நாம் சும்மா விடுவோமா?

நம் தமிழ்ப் பத்திரிகைகளின் சொல்லும் இதற்குத் துணைபோகிறது. 'ஓரினச் சேர்க்கையாளர்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே காதில் விழுவது செயல், ஆள் அல்ல. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்பு, ஒருவரையொருவர் விரும்பிய இரு இளம்பெண்கள் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயத்தைத் தாம் சரியாக அறிந்தவரல்லர் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பிறகு ஒரு மனநூல் நிபுணரிடம் சென்று, மாணவனைப் போல் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பின்புதான் 2021 ஜூன் 7-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். அவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது, 'வைத்தியம்' செய்து மாற்றுவதாகச் சொல்லி எவரும் வதைக்கக் கூடாது என்பன அதில் அடக்கம். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை 2022-இல் தமிழ்நாடு அரசாங்கம் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' என்பது அவ்வகைச் சொல். அதைத்தான் இனி இக்கட்டுரையில் ஆள்கிறோம். அந்த நீதிபதியின் முடிவை ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கையில் இருந்தும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொண்ட அந்த நடத்தை நமக்குப் பிடித்திருக்கிறது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் நம் கடைத்தெரு நீதிபதிகளை நினைத்தால் இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

இப்போது அந்தப் பழைய பேச்சுக்கு வருவோம். "ஏன் சொல்ல வேண்டும்?"

இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லாமலில்லை. குறையை மூடுவது நம் மார்க்கம் புகழ்ந்த பண்பு. மாயிஸ் (ரலி) என்பவர் தாம் செய்த பிழையை ஒப்புக்கொள்ள வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றார். அவரைப் போய்ச் சொல்லும்படி தூண்டிய மனிதரிடம், உன் ஆடையால் அவரை மூடியிருந்தால் உனக்கே நன்மையாயிருக்கும் என்ற கருத்தில் நாயகம் கூறியதாக ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. ஆகவே பேசாமலிருப்பதை விரும்புகிற நம் பெரியவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் கையில் இருப்பது நல்ல சரக்கு.

ஆனால் அது எந்த இடத்துக்குரிய சரக்கு என்று பார்க்க வேண்டும். மூடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மதீனத்துக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை வாங்குகிறவர் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். மிம்பரில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனிதனுடைய நாட்டத்தை நனைந்த தானியத்தோடு சேர்த்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். இன்னொருவருடைய பங்கு அதில் இருக்குமானால் மறைப்பது பண்பாகாது என்ற நீதிக்காக மட்டும் சொன்னோம்.

கல்யாணத்தைவிடப் பெரிதாக இன்னொருவருடைய பங்கு எதில் இருக்கிறது? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற மாது, தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நாயகத்திடம் ஆலோசனை கேட்டார். ஒருவர் கையில் பொருளில்லாதவர், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நாயகம் வெளிப்படையாகவே கூறினார்கள். குறையை மூடு என்று சொல்லித் தந்தவரேதான், பெண்ணின் வாழ்க்கை என்று வந்தபோது மூடாமல் சொன்னார். சம்பந்தம் பேசும்போது உள்ளதைச் சொல்வது புறம் பேசியதாகாது என்று நம் நூல்களில் எழுதி வைத்திருப்பது இதைக் கொண்டுதான்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பையனுக்கு இருபத்தெட்டு வயது. படித்திருக்கிறான், கடையில் கணக்கு வழக்கில் கெட்டிக்காரன். வருகிற சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழிக்கிறான். பெண் கறுப்பு என்கிறான், உயரம் என்கிறான், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்கிறான். ஒரு நாள் இரவு, அம்மாவிடம் மட்டும், பாதி வார்த்தையில் ஏதோ சொல்லுகிறான். அம்மாவுக்கு விளங்குகிறது, விளங்காதது போல் எழுந்துபோகிறாள். வாப்பாவுக்குச் செய்தி போகிறது. "ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது குடும்பத்தின் முடிவு. கடையநல்லூரிலோ ராமநாதபுரத்துச் சீமையிலோ, கடலுக்கு அந்தப்பக்கம் பட்டர்வொர்த்திலோ பெண் பார்க்கிறார்கள். மண்டபம் பேசி, நெய்ச்சோறு ஆக்கி, மஹர் எழுதி, பாத்திஹா ஓதி எல்லாம் முறையாக முடிகிறது. அந்தப் பெண்ணிடம் எவராவது கேட்டார்களா? அவள் இருபத்திரண்டு வயதில் தன் ஊரை விட்டு வந்தவள். இரண்டு வருஷத்தில் 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்வி அவளைப் பார்த்துத்தான் வரும். குறை தன்னிடம்தான் என்று அவளும் நம்பிவிடுவாள். அவளுடைய வாப்பாவும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான். நல்ல இடம் என்று நம்பிக் கொடுத்தவர்.

இது கற்பனைக் குடும்பம். எவரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. நடந்த கதை வேண்டுமானால் குஜராத்தில் இருக்கிறது. ராஜ்பிப்ளா முன்னாள் அரச குடும்பத்து வாரிசு மன்வேந்திர சிங் கோஹில் 1991-இல் இன்னொரு அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மணமானால் சரியாகிவிடும் என்று அவரும் நம்பியிருந்தாராம். 1992-இல் அந்தத் திருமணம் முறிந்தது. 2006-இல் ஒரு குஜராத்தி நாளேட்டின் வழியாகத் தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று வெளியிட்டார். ராஜ்பிப்ளாவில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பெற்ற தாய், இனி இவன் என் மகனல்லன் என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். உண்மையைச் சொன்னதற்காகக் கொளுத்தினார்கள் என்பது சரி. 1991-இல் உண்மை சொல்லப்படாததற்காக ஒரு பெண் பட்ட பாட்டை எண்ணி அந்த ஊரில் எவராவது ஒரு தீக்குச்சியையேனும் கிழித்தார்களா?

"கல்யாணம் செய்துகொள்ளாமல், வாயையும் திறக்காமல் தனியே இருந்துவிடலாமே" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இருக்கவிடுகிறோமா? முப்பது வயதில் மணமாகாத ஆணை நம் சமுதாயம் ஒரு பெருநாள் தொழுகை முடிந்து வீடுபோய்ச் சேரவிடுகிறதா? பள்ளிவாசல் படியில் நாலு பேர், மௌலூது வீட்டில் பத்துப் பேர், ஊரிலிருந்து தொலைபேசியில் மாமி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொல்லி எத்தனை காலம் தள்ளுவான்? அவன் வாயைக் கிண்டிக் கிளறித் திறக்கவைப்பது நாம். திறந்தபின் ஏன் திறந்தாய் என்று கேட்பதும் நாம்தான்.

பெயரும் புகழும் உள்ளவர்களுக்கு இன்னொரு நிர்ப்பந்தமும் உண்டு. மறைத்து வைத்திருப்பவனை மிரட்டிப் பணம் பறிக்கலாம், பதவியிலிருந்து தள்ளலாம். வெளியில் சொல்லிவிட்டவனிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் நாட்டு அரசியலில் இத்தகைய பழிகள் எப்படியெல்லாம் ஆயுதமாயின என்பதை 1998 முதல் பார்த்துவந்திருக்கிறோம், விரித்துரைக்க வேண்டியதில்லை. இது தவிர, கடை மாடியில் தனியே படுத்திருக்கும் ஒரு வாலிபனுக்கு, உலகத்தில் இப்படி இருப்பவன் தான் ஒருவன் மட்டுமல்லன் என்பது பிரபலமான ஒருவர் சொல்லித்தான் தெரியவருகிறது. அது அவனைக் கெடுத்துவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டம் பத்திரிகை படித்து வருவதன்று. இத்தனை ஏச்சையும் பார்த்துவிட்டு அதை ஆசைப்பட்டு ஏற்றுக்கொள்பவன் எவன்? சொந்தப் பெற்றோரிடம் பொய் சொல்லாமலிருக்க அவனுக்குக் கொஞ்சம் துணிவு வரலாம், அவ்வளவே.

இனி நாவைப் பற்றி. நடையில் சற்று நளினமுள்ள பையன் தெருவில் போனால் மலாயில் 'பொண்டான்' என்றும், தமிழில் 'ஒன்பது' என்றும் கூப்பிட்டுச் சிரிப்பது நம் கடை வாசல்களில் பொழுதுபோக்கு. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆனில் 'ஹுஜுராத்' அத்தியாயம் தடுக்கிறது. அடுத்த வசனமே துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. நிக்காஹ் மேடையில் அந்த அத்தியாயத்தை மேற்கோள் காட்டும் நாம், கடை வாசலில் அதை மறந்துவிடுகிறோம்.

வெறும் கேலிதானே என்பவர்களுக்கு, 2017 ஜூன் மாதம் இதே பினாங்கில் நடந்ததை நினைவூட்டுகிறோம். பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன். பெண் சாயல் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே கேலி செய்யப்பட்டவன் என்று குடும்பத்தார் கூறினார்கள். ஓர் இரவு இளைஞர் சிலர் கையில் அகப்பட்டு, கொடூரமாக அடிபட்டு, சில நாள் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்து ஜூன் 15-ஆம் நாள் இறந்துபோனான். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அழுதார்கள். அது ரமலான் மாதம். அந்தப் பையன் தன்னை இன்னான் என்று எங்கும் சொன்னவனல்லன். சொல்லவேண்டிய அவசியமும் அவனுக்கில்லை. மற்றவர்கள் அவனுக்காகச் சொன்னார்கள், வருஷக்கணக்காக. "ஏன் வெளியே சொல்ல வேண்டும்" என்று கேட்கும் நம் அன்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வாய் திறவாமல் இருந்தால் விட்டுவிடுவோம் என்பது உண்மையானால், வாய் திறவாத அவனை ஏன் விடவில்லை?

கையைப் பற்றிச் சொல்லக் கடல் கடந்து போகவேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 'கேப் மலாய்' என்று பெயர்பெற்ற பழைய முஸ்லிம் சமுதாயம் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் இந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றியவர்களும் அவர்களின் முன்னோர்களில் அடக்கம். முஹ்சின் ஹென்ரிக்ஸ் அந்நகரத்தவர். கராச்சியில் மார்க்கக் கல்வி கற்றவர். மணமாகிப் பிள்ளைகளும் பெற்றவர். அந்த மணவாழ்க்கை முறிந்த பின், 1996-இல் தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று வெளியிட்டார். தம்மைப் போன்றோருக்கென்று தொழுகை இடமும் நடத்தினார். அவர் மார்க்கத்துக்குச் சொன்ன விளக்கங்களை அந்நாட்டு ஆலிம்கள் ஏற்கவில்லை. அவருடைய நிலை இஸ்லாத்துக்கு ஒத்ததன்று என்று முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில் என்ற உலமா சபை தெளிவாகவே சொல்லிவந்தது. 2025 பிப்ரவரி 15-ஆம் நாள் கெபெர்ஹா நகரத்தருகே, காரில் இருந்த அவரை முகமூடியணிந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் யார், எதற்காகக் கொன்றார்கள் என்பதை அந்நாட்டு நீதிமன்றம் சொல்லட்டும். செய்தி பரவியபோது 'நல்லதாயிற்று' என்று எழுதிய முஸ்லிம் கைகளும் இருந்தன. அதே உலமா சபை, அவருடைய கருத்தைத் தாங்கள் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல், இந்தக் கொலையை எந்தத் தயக்கமுமின்றிக் கண்டிக்கிறோம் என்று அறிக்கை விட்டது. நாம் கேட்டுவந்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை வேறெங்கும் காணவில்லை. மறுப்பை மறுப்பாக வைத்தார்கள். உயிரை உயிராக வைத்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்று காட்டினார்கள்.

அபூதாவூதின் தொகுப்பில் ஒரு செய்தி. பெண்களைப் போல் கைகால்களில் மருதோன்றி இட்டிருந்த ஒருவரை நாயகத்தின் முன் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள் நாயகம். இவரைக் கொன்றுவிடலாமா என்று கேட்டார்கள். தொழுகிறவர்களைக் கொல்வது எனக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. இதன் அறிவிப்பாளர் தொடர்பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஊரைவிட்டு அனுப்பியதை மட்டும் சொல்லிவிட்டுப் பின்பாதியை விழுங்குகிற பிரசங்கிகளும் உண்டு. முன்பாதியை மறைக்காமல்தான் நாம் எழுதியிருக்கிறோம். பின்பாதியை அவர்களும் மறைக்காமலிருக்கட்டும்.

நம் நாட்டிலும் ஒரு சிறு உதாரணம். 2018 செப்டம்பர் 3-ஆம் நாள் கோலத் திரங்கானுவின் ஷரீஅத் நீதிமன்றத்தில், பலர் பார்த்திருக்க, இரு பெண்களுக்கு ஆறாறு பிரம்படி கொடுக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர், இது இஸ்லாத்தின் நீதியையும் இரக்கத்தையும் காட்டுவதாக இல்லை என்றும், முதல் தடவையானால் அறிவுரை கூறியிருக்கலாம் என்றும் சொன்னார். இத்தகையோரின் திருமணத்தையெல்லாம் ஒப்புக்கொள்ள மறுத்துப் பேசியவரும் அவரேதான். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடிகிறது.

இனி நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். அமைச்சர்கள் செய்வது அமைச்சர்களோடு போகட்டும். நம் கையில் இருப்பவை கடை, வீடு, ஜமாஅத்து ஆகிய மூன்றுதான்.

கடையில் நாம் வாடிக்கையாளருடைய அந்தரங்கத்தைக் கேட்டுக்கொண்டு சரக்குக் கொடுப்பதில்லை. நாசி கண்டார் கடை வரிசையில் தட்டு நீட்டுகிறவர் எவரானாலும் குழம்பு ஒரே அகப்பையில்தான் விழுகிறது. காசு வாங்கும்போது இல்லாத ஆராய்ச்சி, சம்பளம் கொடுக்கும் வேலையாள் விஷயத்தில் மட்டும் எங்கிருந்து வருகிறது? களவு செய்தானா, கணக்கில் பொய் எழுதினானா, வாடிக்கையாளரிடம் தகாதபடி நடந்தானா என்று பாருங்கள். அதற்கு மேல் கேட்க முதலாளிக்கு உரிமையில்லை. நடை பிடிக்கவில்லை என்று ஒருவனைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது அநியாயம் என்றே கருதுகிறோம்.

ஜமாஅத்தில், ஒருவர் ஸஃப்பில் வந்து நின்றால் அவருக்குப் பக்கத்தில் நிற்க நமக்கு என்ன தடை? மாற்றார் வீட்டுச் சுவரேறிக் குதித்து உள்ளே மது அருந்தியவரைப் பிடித்த கலீஃபா உமரிடம், நான் செய்தது ஒரு பிழை, நீங்கள் செய்தது மூன்று என்று அந்த மனிதர் சொன்னதாகவும், துருவியது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாமல் நுழைந்தது ஆகிய மூன்றையும் கேட்டு உமர் (ரலி) திரும்பிப் போனதாகவும் ஒரு வரலாறு சொல்லுவார்கள். கலீஃபாவே திரும்பிப்போன சுவரை நம் வாலிபர்கள் கைத்தொலைபேசியோடு ஏறுகிறார்கள். பிறருடைய படத்தைப் பிடித்து ஊரெங்கும் அனுப்புகிறார்கள். அதைப் பெற்றுக்கொண்ட பெரியவர்கள் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று எழுதிவிட்டு இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள்!

வீடுதான் எல்லாவற்றிலும் கடினம். மகன் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலைப் பற்றி மார்க்கம் சொல்வதை அவன் அறியாதவனல்லன். பத்து வயதிலிருந்து நீங்கள்தான் அவனை மதரஸாவுக்கு அனுப்பினீர்கள். அதை மறுபடி சொல்லவேண்டுமானால் ஒரு தடவை சொல்லுங்கள். அதற்காகச் சோற்றுத் தட்டை எடுத்துவிடாதீர்கள். பேய் ஓட்டுகிறவனிடம் கொண்டுபோகாதீர்கள். மகன் இல்லை என்று அறிவிப்புக் கொடுக்காதீர்கள். அவன் தன் வாழ்க்கையை எப்படி நடத்துவது என்பதை அவனும் அல்லாஹ்வும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அவனுக்கு ஒரு கூரை வேண்டும்.

இன்னும் ஒரு காரியம், செலவில்லாதது. பெருநாள் முடிந்ததும் நம் வீடுகளில் சம்பந்தப் பேச்சுகள் தொடங்கும். ஊருக்குத் தகவல் போகும்முன், பெண்ணின் படம் வந்து சேரும்முன், பையனைத் தனியே அழைத்து, "உனக்குக் கல்யாணத்தில் உண்மையாகவே மனம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அம்மாவை அழவைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பெரியப்பாவை வைத்துக்கொண்டும் கேட்காதீர்கள். இல்லை என்று அவன் சொன்னால், ஏன் என்று அன்றைக்கே குடைய வேண்டாம். பெண் வீட்டாருக்கு, இந்த வருஷம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.